நான் தூக்கிய திரை

25 பிப்ரவரி 2025, செவ்வாய்

இன்று பேருந்துப் பலகையை நானே படித்து ஏறினேன். குந்தாரப்பள்ளி. யாரையும் கேட்கவில்லை! எழுபத்தொரு வயதில் இப்படி ஒரு சந்தோஷம். மாலையில் முதியோருக்கு எழுத்து வகுப்பு எடுக்கும் ஜெயப்ரியா டீச்சர், "தெனமும் நாலு வரி எழுதுங்க பாய், கை ஓடும்" என்றார். ஓடவில்லை, நடக்கிறது. நடக்கட்டும்.

குந்தாரப்பள்ளிச் சந்தையில்தான் காலமெல்லாம் மாட்டுத் தரகு செய்தேன். துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுவோம். ஒருவன் சொன்னது பக்கத்தில் நிற்பவனுக்குத் தெரியக் கூடாது. அதற்கு எழுத்து தேவைப்படவில்லை.

1 மார்ச், சனி

சர்க்கரை ஏறியிருக்கிறது, இந்த வருடம் நோன்பு வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். "உங்க பள்ளிவாசல் ஹஜ்ரத்தக் கேளுங்க, அவரும் இதையேதான் சொல்வாரு." நான் கேட்கப் போவதில்லை. விவரம் தெரிந்த நாள் முதல் ஒரு நோன்பும் விட்டதில்லை. பள்ளிவாசலில் எல்லோருக்கும் அது தெரியும்.

4 மார்ச், செவ்வாய்

பஞ்சர் கடை. ஜெராக்ஸ். வாடகைக்கு வீடு. கண்ணில் படுவதையெல்லாம் படிக்கிறேன். கன்னடப் பலகை வந்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

6 மார்ச், வியாழன்

சிப்காட் பக்கம் பூபதியின் டீக்கடை. நோன்பு மாதம் என்பதால், உள்ளே சாப்பிடுகிறவர்கள் தெரியாதபடி பழைய ஃபிளெக்ஸ் ஒன்றைத் திரையாகக் கட்டியிருந்தான். அதில் எழுத்து. 'புதுமனை புகு' வரை படித்தேன். மீதி மடிப்புக்குள் போயிருந்தது. தூக்கிப் பார்த்தேன்.

உள்ளே ஹயாத் பாஷா. கல்லாவி ஊர்க்காரன், அலுமினியம் உருக்கும் பட்டறையில் வேலை, நம் பள்ளிவாசலுக்கு வருகிற பிள்ளை. கையில் பன்னும் டீயும். என்னைப் பார்த்தான். திரையை விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம்.

சாயங்காலம் பள்ளிவாசலில் நோன்புக் கஞ்சிக்கு உட்கார்ந்தபோது எல்லோருக்கும் கேட்கும்படி, "ஏம்பா ஹயாத், மத்தியானம் பன்னு, இப்ப கஞ்சியா? நல்லா இருக்குதுப்பா உன் நோன்பு!" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவன் கிண்ணத்தைப் பாயில் வைத்துவிட்டு எழுந்து போனான். சத்தம்கூட வரவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தான்.

நான் என் கஞ்சியைக் குடித்தேன். ருசியாகத்தான் இருந்தது.

10 மார்ச், திங்கள்

அவன் வரவே இல்லை. ஹஜ்ரத்திடம் போய்ச் சொன்னேன்.

"அல்லாகிட்ட அழுவுங்க, அவன் மன்னிப்பான். ஆனா இது அந்தப் புள்ளையோட ஹக்கு, அவன் உரிமை. இந்த மன்னிப்பு அவன் குடுத்தாதான் உண்டு. போயி அவன் வாசப்படியில நில்லுங்க."

"எல்லாருந்தான சிரிச்சாங்க?"

"சிரிக்க வெச்சது யாரு பாய்?"

துண்டுக்குள் அடுத்தவன் விலையை அத்தனை பத்திரமாக மூடி வைத்த கை. இந்தக் கைதானே அந்தத் திரையைத் தூக்கியது?

12 மார்ச், புதன்

தொழுகையில், சஜ்தாவில் நெற்றி தரையில் இருக்கிறது. நான் மட்டும் உள்ளே நின்றுகொண்டே இருக்கிறேன்.

13 மார்ச், வியாழன்

மூக்கண்டப்பள்ளியில் அவன் வீட்டைத் தேடிப் போனேன். "அவரு ஷிஃப்ட்டுக்குப் போயிட்டாரு" என்றாள் மனைவி. அவன் செருப்பு வாசலிலேயே கிடந்தது. அதைச் சொல்ல வாய் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

16 மார்ச், ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

மறுபடி போனேன். நல்ல வெயில். அவன் வீட்டுப் படியில் கால் வைத்தது ஞாபகம். கண் இருட்டிவிட்டது. முழித்தபோது தலை அவன் மடியில். சொம்பில் சர்க்கரைத் தண்ணீர்.

"நோன்புப்பா... வேணாம்பா."

"பேசாதீங்க பாய். குடிங்க."

சந்துக்குள் யாரோ எட்டிப் பார்த்தார்கள். அவன் ஒரு கையால் என்னைப் பிடித்துக்கொண்டே மறு கையை நீட்டிக் கதவுத் திரையை இழுத்து மூடினான். "ஒண்ணுமில்லக்கா, ஒறவுக்காரரு வந்திருக்கறாரு" என்று வெளியே குரல் கொடுத்தான். என்னிடம் மெதுவாக, "யாரும் பாக்கல பாய். குடிங்க."

குடித்தேன். அழுதுகொண்டே குடித்தேன். யா அல்லா, நான் செய்யாததை அவனைக் கொண்டு எனக்குச் செய்துவிட்டாயே.

அப்புறம் அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினான். மூன்று வேளையும் சாப்பிட்டுப் போட வேண்டியது. பட்டறையில் தெரிந்தால் அன்றைக்கே வேலை போய்விடும். என்ன வியாதி என்று இங்கேகூட எழுத மாட்டேன். எழுதத் தெரிந்துவிட்டது என்பதற்காக எல்லாவற்றையும் எழுதிவிடுவதா?

"மன்னிச்சிட்டியாப்பா?" என்று கேட்டேன்.

"ஆட்டோ புடிக்கிறேன் பாய், வீட்டுக்குப் போயி படுங்க" என்றான்.

18 மார்ச், செவ்வாய்

நோன்பை விட்டுவிட்டேன். ஹஜ்ரத் சொன்னபடி தினம் ஓர் ஏழைக்குச் சாப்பாடு கொடுக்க ஏற்பாடு செய்தாயிற்று. இத்தனை வருடம் வைத்ததெல்லாம் யாருக்காக? அல்லாவுக்காகவா, ஊருக்காகவா?

21 மார்ச், வெள்ளி

கஞ்சிக்கு உட்கார்ந்ததும், "நான் இப்ப நோன்பு இல்லப்பா" என்றேன்.

"அப்ப கஞ்சி எதுக்கு பாய்?" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். அதே சிரிப்பு.

சிரித்து முடிக்கட்டும் என்று இருந்தேன். பிறகு சொன்னேன்: "இதேதான் அன்னிக்கி நான் ஹயாத்தக் கேட்டேன். மூடி வெச்சத தூக்கிப் பாத்தது என் தப்பு. வந்து சொன்னது அதவிடப் பெரிய தப்பு. அவன் மேல ஒரு குத்தமும் இல்ல. ஏன்னு என்னைக் கேக்காதீங்க."

கஞ்சி உறிஞ்சும் சத்தம் மட்டும்.

பக்கத்தில் ஓர் ஆள் உட்காரும் இடம் விட்டு உட்கார்ந்திருந்தேன். அது காலியாகவே இருந்தது.

24 மார்ச், திங்கள்

காலி.

28 மார்ச், வெள்ளி

இன்று அந்தக் காலி இடத்தில் யாரோ வந்து உட்கார்ந்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. சட்டையில் அலுமினியம் உருக்கும் பட்டறை வாசனை. என் கஞ்சிக் கிண்ணத்தை அந்தப் பக்கம் நகர்த்தி வைத்தேன். கொஞ்ச நேரம் அது அப்படியே இருந்தது. பிறகு ஒரு கை அதை எடுத்தது.