உன் காலில் தங்கிவிட்ட தகடு

என் பிரியமான அண்ணா,

பிரியம் என்று எழுதும்போதே பல்லைக் கடிக்கிறேன். நீ போய் ஆறு வருடமாகிறது. கோபம் ஒரு துளிகூடக் குறையவில்லை.

நம் ஊர் உக்குவளையில் கிராம்பு மரத்திலிருந்து விழுந்து உன் கால் முறிந்தது. கண்டியில் ஆபரேஷன் செய்து எஃகுத் தகடும் திருகுகளும் வைத்தார்கள். ஒரு வருடத்தில் வந்து எடுத்துவிட வேண்டும் என்றார் டாக்டர். எலும்பு நன்றாகவே சேர்ந்தது.

எடுக்கப் போன அன்று வழியில் இராணுவச் சோதனைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள். ஆமிக்காரனின் இரும்பு கண்டுபிடிக்கும் கருவி உன் காலருகே கத்தியது. டாக்டர் வைத்த இரும்பு என்று நீ சிங்களத்தில் சொல்லியும் கேட்கவில்லை; சண்டையில் பட்ட குண்டுத்துண்டு என்றார்கள். இரண்டு நாள் அடைத்துவைத்து, அந்தக் காலிலேயே மிதித்து அனுப்பினார்கள். அவர்களைச் சபிக்காத நாளில்லை. ஆனால் அதற்குப் பிறகு நீ செய்தது?

“நான் கூட வர்றேன்ண்ணா. போயி எடுத்துட்டு வந்துருவோம்” என்றேன்.

“ஒன்னையும் சேத்து எறக்குவானுங்க. சும்மா இரு புள்ள. காலு நல்லாத்தான் இருக்கு.”

நன்றாகவா இருந்தது? தகட்டைச் சுற்றிச் சீழ் பிடித்திருந்ததைக் காற்சட்டைக்குள் மறைத்தாய். காய்ச்சலில் நினைவு தப்பிய பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அதற்குள் விஷம் இரத்தத்தில் ஏறிவிட்டது; உன்னைக் காப்பாற்ற முடியவில்லை. பக்கத்திலிருக்கும் மாத்தளை ஆஸ்பத்திரிக்காவது போயிருக்கக் கூடாதா?

இப்போது நான் ஓர் ஆய்வுக்கூடத்தில் மெக்னீசியத் திருகுகள் செய்கிறேன். எலும்பு சேரும்வரை பிடித்திருந்து, பிறகு உடம்புக்குள்ளேயே கரைந்துவிடும். வெட்டி எடுக்க வேண்டியதில்லை. முதலில் செய்தவை அவசரமாகக் கரைந்தன. வாயு கிளம்பி, சோதனைக்காகத் திருகு வைத்த முயலின் சதை வீங்கியது. மேலே கல்சியப் பூச்சுக் கொடுத்தோம். போன மாதம் பார்த்தால் வீக்கமில்லை. திருகை ஒட்டிப் புது எலும்பு வளர்ந்திருந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். நான் வெளியே போய் உன்னைத் திட்டினேன்.

நேற்றுக் கூட்டத்தில் ஒரு பெரிய டாக்டர் வேலையை நிறுத்தச் சொன்னார். “எஃகு போதுமே. ஒரு வருஷத்துல வந்து எடுத்துக்கிட்டா சரி.”

“வர முடியாதவங்க என்ன சார் செய்வாங்க?” என்று கத்திவிட்டேன். உன் கதையைச் சொல்லவில்லை. உன்னை யாரும் பாவம் என்று சொல்லக் கூடாது. முயல் எலும்பின் படத்தை அவர் முன்னால் போட்டேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, “சரி, செய்ங்க” என்றார்.

மனிதருக்கு வைக்கும் நாள் வரும்வரை இதை விடமாட்டேன். முதல் நோயாளியின் வீட்டுக்கு வாராவாரம் நானே போவேன்; அவன் ஏசினாலும் கட்டை அவிழ்த்துப் பார்ப்பேன். உன்னிடம் அதைச் செய்யாத என்மேலும் எனக்கு ஆத்திரம்தான்.

இன்னும் சமாதானமாகாத,
உன் ஒரே தங்கச்சி மல்லிகா