அப்பா அனுப்பும் தாமரைக்கிழங்கு

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாங்களும் சுகம் என்றுதான் முதலில் எழுத வேண்டும், எழுதிவிட்டேன். இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். போன் எப்போதும் உன் அப்பாவின் சட்டைப் பையில்தான், அதையும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், உனக்குத் தெரியாததா.

எதிர் வீட்டு ரேடியோ டீச்சர் இருபதாம் தேதி தங்கையைப் பார்க்க உங்கள் பக்கம் வருகிறாள். அவளிடம் அப்பா ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டார். கொல்லைக் குளத்து ஓரத்தில் அவர் வளர்த்த தாமரைக்கிழங்கு, வட்டம் வட்டமாக நறுக்கி வெயிலில் காயவைத்தது. அதைச் சாப்பிடாதே கண்ணு, பேத்திக்கு ஒரு துண்டுகூடக் கொடுத்துவிடாதே. சுவருக்கு அந்தப் பக்கம் பேட்டரிக் கடை வந்திருக்கிறது இல்லையா, அவர்கள் கழுவி ஊற்றும் தண்ணீர் சுவரடியில் கசிந்து நம் குளத்தில்தான் சேர்ந்திருக்கிறது. மனசு கேட்காமல் ஒரு பாட்டில் தண்ணீரும் ஒரு கிழங்கும் அதே குளத்துக் கரையில் அவர் வளர்க்கும் வள்ளைக்கீரை ஒரு பிடியும் லேபில் கொடுத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஈயம். கழுவினாலும் போகாதும்மா, வேகவெச்சாலும் போகாது, சின்னக் குழந்தைங்களுக்குத் தரவே கூடாது என்றாள் அங்கிருந்த பெண். கடைக்காரரிடம் போய்ச் சண்டை போட்டேன். சுவரைப் பூசிட்டோம், இனிமே வராதும்மா என்கிறார். வந்தது சேற்றிலேயே தங்கிவிட்டதே, அதை யார் எடுப்பது? அதுவரை நாங்களும் தின்றுகொண்டுதான் இருந்தோம்.

இதை அப்பாவிடம் எந்த வாயால் சொல்வேன்? வாதத்தில் வலது கை விழுந்தபின் எட்டு மாதம் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்த மனுஷன். நாலு வள்ளைத் தண்டைக் கரைச்சேற்றில் குத்திப் பார்க்கலாம் என்றுதான் எழுந்தார், பிறகு படுக்கவே இல்லை. என்னைச் செங்கல் சுமந்து குளத்துக்குள் அடுக்க வைத்து, அதன்மேல் தாமரைத் தொட்டிகளை இறக்க வைத்து, கீரையை மட்டும் இடது கையால் தானே அறுப்பார். தண்ணீருக்கு நாலு விரல் மேலே அறுத்தால்தான் மறுபடி துளிர்க்கும் என்று எனக்குப் பாடம் வேறு. மூன்று தடவை சொல்லப் போனேன். ஒவ்வொரு தடவையும் ஒரு புது இலையைக் காட்டி, இங்க பாரு, நேத்து இது சுருண்டு கிடந்துச்சு என்றார். நானும் அந்த இலையைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டேன். இப்போது அவர் அறுத்துத் தருவதைக் குப்பையில் புதைத்துவிட்டு, கடைக் கீரையை வெங்காயத்துக்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்து சமைக்கிறேன். நம்ம வீட்டுக் கீரை ருசியே தனி என்று இரண்டாம் தடவை கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். தெருவில் யாருக்கும் ஒரு பிடி கொடுக்க விடாததால் கஞ்சப் பிசினாரி என்ற பெயரும் வாங்கியாயிற்று. கிழங்கையும் அப்படியே மாற்றிவிடத்தான் இருந்தேன், நான் குளிக்கப் போன நேரம் பார்த்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். டீச்சரிடம் திருப்பிக் கேட்டால் ஏன் என்பாள், சொன்னால் தெருவுக்கே ஒலிபரப்பு, சாயங்காலத்துக்குள் அப்பா காதுக்கும் வந்துவிடும்.

பொட்டலம் சேர்ந்ததும் எப்படி இருந்தது என்று போனில் கேட்பார். நன்றாக இருந்தது என்றால் இன்னும் பத்துத் தொட்டி இறக்குவார், அடுத்தது இதைவிடப் பெரிய பொட்டலமாக வரும். நன்றாக இல்லை என்றால் மறுபடி கட்டில்தான். என்ன சொல்லச் சொல்வது என்று எனக்கே தெரியவில்லை. நீ படித்தவள், நீயே யோசித்து அவரிடம் சொல்.

பேத்திக்கு என் முத்தம். நோய்நொடி அண்டாமல் மூவரும் நெடுநாள் நிறைவாக இருக்க வேண்டும். இந்தக் கடிதத்தைப் படித்ததும் கிழித்துவிடு. கிழங்கைக் கொட்டும்போது பொட்டலத்தின் மேல் ஒட்டியிருக்கும் தாளை மட்டும் பிரித்து எடுத்து வைத்துக்கொள். பேத்திக்கு, தாத்தா வளர்த்தது என்று இடது கையால் எழுதியிருக்கிறார். அந்த மூன்று வார்த்தை எழுத அவருக்கு ஒரு காலைப்பொழுது முழுக்கப் பிடித்தது.

உன் அம்மா