குழிக்கு மேலே கைமாறிய கோழி

ஓல்தேனியா
14 பிப்ரவரி 1993

அன்புத் தம்பி லிவியு,

இங்கே நலம், அங்கேயும் அப்படியே இருக்கட்டும். உன் அத்தானைப் புதைத்துவிட்டுப் போனவன் ஒரு வரி எழுதவில்லை. திமிஷோராவில் தபால்தலை விற்பதில்லையா?

கோழிகள் என்னைப் படுத்துகின்றன. இடுவதெல்லாம் தோல்முட்டை, எடுத்தால் தொளதொளவென்று நழுவுகிறது. உன் அத்தான் பாவெல் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. பக்கத்து வீட்டு லினா வேலியோரம் நின்று, "ஆம்பள போன வீட்டுல கோழிக்கும் மனசு ஒடஞ்சுபோச்சு போலிருக்கு" என்கிறாள். அவள் வாயில் மண் விழ. நீதான் கோழித்தீவன ஆலையில் இருக்கிறாயே, ஒரு வழி சொல்.

உன் அக்கா
வெத்தூரியா

*

திமிஷோரா
22 பிப்ரவரி 1993

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் வேண்டாம். மனசு உடையவில்லை, சுண்ணாம்புச் சத்துதான் இல்லை. அத்தான் முட்டையோட்டைக் கல்லில் நுணுக்கிப் போடுவார், நானே பார்த்திருக்கிறேன். நீ போட்டிருக்கமாட்டாய்.

பஸ் டிரைவரிடம் ஒரு மூட்டை கொடுத்தனுப்புகிறேன். கோதுமை, வாற்கோதுமை, சோயாப் பிண்ணாக்கு, சுண்ணாம்புக்கல் குருணை. ஓடு கெட்டிப்படும். மக்காச்சோளம் இந்த வருஷம் பூசணம் பிடித்துவிட்டது, அதனால் சேர்க்கவில்லை. பனியில் உனக்குப் பச்சைத் தழையும் கிடைக்காது. ஆகவே மஞ்சள் கரு, மோர் மாதிரி வெளுத்து வரும், பயந்துவிடாதே. கருவின் நிறம் மாற இரண்டு வாரமாவது ஆகும். கோழி தின்றதுதான் முட்டை, அதில் மாயம் ஒன்றுமில்லை.

ஈஸ்டருக்கு வருகிறேன், வழக்கம்போல முட்டைகளுக்குச் சேர்ந்து சிவப்புச் சாயம் ஏற்றுவோம்.

லிவியு

*

ஓல்தேனியா
20 மார்ச் 1993

அன்புத் தம்பி,

நீ சொன்னது சொன்னபடி. ஓடு கெட்டியாகிவிட்டது, கரு வெளுத்துவிட்டது. கருப்புக் கோழியின் கரு மட்டும் வெளுக்கவில்லை.

ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு நாள், முட்டையை வாயில் வைக்கமாட்டேன். உடைத்துத்தான் பார்த்தேன். கரு ரத்தமாகச் சிவந்திருந்தது. உன் அத்தான் காரமில்லாத மிளகாய் வற்றலை ரொட்டியோடு பிசைந்து அதற்கு மட்டும் கையில் ஊட்டுவார். "கரு செவந்தாத்தான்டீ முட்டை" என்பார். அப்போது வந்த அதே சிவப்பு. ஆனால் வீட்டில் வற்றல் தீர்ந்தது அவர் படுத்த வாரம்.

அதைத் தனியே கொட்டிலில் போட்டுப் பூட்டினேன். உன் தீவனமும் தண்ணீரும் மட்டுமே வைத்தேன். சாவி என் இடுப்பில். இப்போதும் சிவப்புதான். விடிந்து திறந்தால் தீவனம் வைத்தபடியே கிடக்கிறது. கோழியின் தீனிப்பை நிறைந்திருக்கிறது, அலகில் சிவப்புத்தூள்.

எனக்குப் பயமாக இல்லை, லிவியு. சந்தோஷமாக இருக்கிறது. மற்ற கோழிகள்தான் கொட்டில் பக்கமே போவதில்லை.

வெத்தூரியா

*

திமிஷோரா
27 மார்ச் 1993

அக்கா,

எந்தக் கருப்புக் கோழி? அத்தானின் குழிக்கு மேலே நீட்டி லினாவிடம் கைமாற்றினோமே, அதுவா? அது உன் வீட்டில் என்ன செய்கிறது?

ஆலையில் யாரிடமும் இதைச் சொல்லவில்லை, சிரிப்பார்கள். நான் சிரிக்கவில்லை. தானம் போன கோழி முன்னால் போய்க் கிளறி வழி விட்டால்தான் போனவர் நடக்க முடியும் என்று நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. அது உன் கொட்டிலில் இருந்தால் அவர் எங்கே போவார்? உன் வீட்டையே சுற்றிக்கொண்டிருப்பார். உன் சந்தோஷம் அவருக்குக் கால்விலங்கு, அக்கா. உன்னைக் கெஞ்சிக் கேட்கிறேன், கொடுத்துவிடு.

லிவியு

*

ஓல்தேனியா
6 ஏப்ரல் 1993

லிவியு,

புதைத்த அன்று மாலையே லினாவிடம் இரண்டு வெள்ளைக் கோழிகளைக் கொடுத்து அதைத் திரும்ப வாங்கிக்கொண்டேன். அவர் கையால் தின்று வளர்ந்தது. அதையுமா கொடுப்பேன்?

நேற்று முன்தினம் கொடுத்துவிட்டேன். வேலிக்கு மேலே நீட்டியபோது என் கைக்கு அடியில் இன்னொரு கை தாங்கியது போலிருந்தது. அப்போது லினா இன்னும் கையை நீட்டவே இல்லை. "இப்பவாச்சும் மனசு வந்துச்சே அக்கா" என்றாள். வெள்ளைக் கோழிகளைத் திருப்பித் தர வந்தாள், நான் வாங்கவில்லை.

மறுநாள் காலை அவளே அந்தக் கோழி இட்ட முட்டையைக் கொண்டுவந்தாள். இன்னும் சூடாக இருந்தது. உடைத்தேன். கருவின் நிறம் மாற இரண்டு வாரம் ஆகும் என்று எழுதியிருந்தாய். ஒரே ராத்திரியில் வெளுத்துவிட்டது, தம்பி.

போய்விட்டார். நீ சொன்னதுதான் சரி, அவருக்கு நல்லதுதான். ஆனால் அனுப்பச் சொன்னவன் நீ. உன் முகத்தை இப்போது என்னால் பார்க்க முடியாது.

ஈஸ்டருக்கு வராதே. இந்த வருஷம் என் வீட்டில் முட்டைக்குச் சிவப்புச் சாயம் கிடையாது.

வெத்தூரியா