ஈரம் காய்ந்த நாற்பத்தொன்றாம் பூச்சு

வெண்குன்றம் ஆளும் நன்னெடுங்கோ, மூவேலி நாட்டுப் பட்டத்தரசியும் தம் தமக்கையாருமான நறுங்கோதையார் திருமுன் விடுக்கும் ஓலை. தங்கள் ஏரிகள் நிறைக. தங்கள் வாயிலுக்கு வருவோர் பசியாறித் திரும்புக.

நம் நாட்டினின்று நீக்கப்பட்டுத் தங்கள் நாட்டில் கல் செதுக்கி வாழும் சிற்பி குமிழிச் சாத்தனார், அறுபத்து நான்காம் வயதில், அரண்மனையில் தாம் ஓவியம் எழுதிய சுவரை ஒருமுறை காண விடுவார்களா என்று கேட்டதாகத் தாங்கள் எழுதியிருந்தீர்கள். தந்தையார் இட்ட ஆணையை மகன் நீக்கலாமா என்று முடிவு செய்ய, இவ்வோலை விடுக்கும் தங்கள் தம்பிக்கு உடனே துணிவு வரவில்லை. முதலில் சுவரைப் பார்த்தார். பிறகு பழைய ஓலைகளைப் பார்த்தார். ஐயம் தீராமல் மீண்டும் சுவரிடம் போனார்.

பதினாறு வயதில் சுண்ணாம்பு அரைக்க வந்தவர் சாத்தனார். மேல்விதானத் தாமரைகளை எழுதினார். வடக்கு வாயிற்காவலர் இருவரைக் கல்லில் எழுப்பினார். ஒருவனுக்கு மடைப்பள்ளித் தலைவரின் தொந்தி வாய்த்ததும், அம்மனிதர் ஓராண்டு அவ்வழியே நடக்க மறுத்ததும் தாங்கள் சிரித்துச் சிரித்துச் சொல்லித் தம்பி அறிந்தவை. "இரண்டு பெண்டாட்டிக்காரன்" என்று கொத்தர்கள் கேலி செய்ய, சுவர்க்காரி ஈரம் காயுமுன் வரச் சொல்கிறாள், கல்லுக்காரி எத்தனை நாளும் காத்திருக்கிறாள், தமக்கு இருவரிடமும் அச்சமே என்றாராம் அவர்.

ஈரம் காயுமுன் ஒரு நாளில் எழுதக்கூடிய அளவே சுண்ணாம்பு பூசுவது அவர் வழக்கம். ஒவ்வொரு நாளின் ஓரமும் மயிரிழைக் கோடாகச் சுவரில் நிற்கிறது. தம்பி விரலால் தடவி இருமுறை எண்ணினார். நாற்பத்தொன்றாம் பூச்சு வெறுமை. அது தந்தையார் முகம் வரவேண்டிய இடம். அன்று மாலை வேட்டையிலிருந்து திரும்பிய தந்தையார் முகமற்ற தம் உருவைக் கண்டார். மறுநாளே பெயர்த்துப் பூசி எழுதுவதாகச் சாத்தனார் வேண்டியும் கேளாமல் நாடு நீங்கச் செய்தார்.

அந்நாளின் மருத்துவ ஓலையும் கிடைத்தது. ஏழு வயதினரான தாங்கள் கடுங்காய்ச்சலில் மருந்தை உமிழ்ந்தீர்களாம். சித்திரக்காரர் வந்தமர்ந்து, மண்ணில் கிளி பிசைந்து தந்து, ஒரு கிளிக்கு ஒரு வாய் என்று பதினொரு வாய் குடிக்க வைத்து, பொழுது சாய்ந்த பின்னரே எழுந்தாராம். அதற்குள் காலையில் பூசிய சுண்ணாம்பு எழுத இடமின்றிக் காய்ந்திருக்கும். தாதியர் வாங்கித் தந்ததென்று நம்பி, திருமணத்தன்று தாங்கள் பட்டில் சுற்றிக் கொண்டுபோன கிளி அவற்றுள் ஒன்றாகலாம். மகள் தவித்த நாளில் அரசர் காட்டில் இருந்தார் என்று அவையறியச் சொல்ல மனமின்றிச் சாத்தனார் வாய் மூடினார் என்று தம்பி கருதுகிறார். பிழையாயின் அவரே வந்து திருத்தட்டும்.

ஆகவே ஆணை: இருபத்து நான்கு ஆண்டுத் தடை இன்றோடு நீங்கியது. அவரைப் பல்லக்கில், வெயில் தணிந்த வேளைகளில், மெல்ல அனுப்பி வையுங்கள். எல்லைக் காவலர் எழுந்து நின்று வழிவிடுவர். காய்ந்த பூச்சைப் பெயர்த்தாயிற்று, சுண்ணாம்பு ஊறுகிறது. அவர் சொல்லும் காலையில்தான் பூசப்படும். தங்கள் நாட்டில் அவர் தூரிகையே தொட்டதில்லை என்கிறீர்கள். கை நடுங்கினால் நடுங்கியே எழுதட்டும். மறு ஆண்டே போரில் மறைந்த தந்தையாரின் முகத்தை, அன்று தொட்டிலில் கிடந்த தம்பி அறியார். அதை அறிந்த கை அது ஒன்றே.

அரண்மனைக் குளத்து மண்ணில் இட்ட இலச்சினை ஈரம் காயுமுன் இவ்வோலை புறப்படுகிறது.