பாத பூஜை முடிந்த பிறகு

ஜூலை 6, 2025 – ஞாயிறு

லோஷினி இன்றும் அறையை விட்டு வரவில்லை. பதினாறு வயதுப் பெண்ணுக்குப் பகல் முழுக்க என்ன தூக்கம்? கதவைத் தட்டிக் கேட்டேன்.

"தெரியலமா. அலுப்பா இருக்கு."

தையல் பேக்டரியில் முதுகு ஒடிவது நான், அலுப்பு மகாராணிக்கு! அப்படியே கேட்டும் விட்டேன். அப்புறம்தான் பயம் வந்தது. இவள் ஏதாவது செய்துகொள்வாளோ — எழுதவே கை கூசுகிறது.

கோயிலில் இளைஞர் தன்முனைப்பு முகாமுக்கு, பிள்ளைகளுக்கு ஊக்கம் கொடுக்கிற முகாமாம், பெயர் பதிகிறார்கள். தங்காக் ஊரில் இரண்டு நாள். இவள் பெயரைக் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 13 – ஞாயிறு

கடைசி நாள் என்பதால் பெற்றோரையும் முகாமுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மண்டபத்தில் விளக்கை அணைத்தார்கள். சோகமாகப் புல்லாங்குழல். பேச்சாளர் மைக்கில், "நாளைக்கு உங்க அம்மா இல்லன்னா? யோசிங்க!" என்றதும் பிள்ளைகள் ஓவென்று அழுதார்கள். பிறகு பாத பூஜை. லோஷினி என் கால்களைத் தட்டில் வைத்துக் கழுவி, மஞ்சள் பூசி, பொட்டு வைத்தாள். "என்னை மன்னிச்சிருங்கமா."

கட்டிப்பிடித்து அழுதேன். என் வீட்டுக்காரரும் அழுதார். தன் அம்மா இறந்தபோது கூட அழாத லோரிக்காரர்.

என் பெண் எனக்குத் திரும்பக் கிடைத்துவிட்டாள்.

ஜூலை 14

அவளே எழுந்து பள்ளிக்குப் போனாள்!

ஜூலை 23 – புதன்

மறுபடியும் மூடிய கதவு. இந்த வாரம் ஒரு நாளும் பள்ளி இல்லை. கத்திவிட்டேன். "அங்க காலப் புடிச்சி அழுதியே, எல்லாம் நடிப்பா?"

சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "எல்லாரும் அழுதாங்க. நீங்களும் அழுதீங்க. நான் என்ன பண்றது?"

மன்னிக்கச் சொன்னாள், மன்னித்தேன். எதை? இவள் என்ன தப்புச் செய்தாள்?

ஜூலை 25 – வெள்ளி

முகாமில் இவள் குழுவைப் பார்த்துக்கொண்ட சாந்தினி போன் செய்தாள். கல்லூரிப் பெண்.

"அக்கா, உயிரோட இருக்கவே புடிக்கலன்னு மொத நாளே லோஷினி என்கிட்ட சொன்னா. முகாம் நடத்துற சார்கிட்ட சொன்னேன். பாத பூஜை முடிஞ்சா சரியாயிரும்லான்னாரு. நானும் நம்பிட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கக்கா."

அந்தச் சாரைத் திட்டி என்ன? நானும் அதைத்தானே நம்பினேன். பாவி, நிம்மதியாகத் தூங்கினேன்.

ஆஸ்பத்திரியில் திங்கட்கிழமைதான் பார்ப்பார்களாம். அதுவரை அவள் அறையிலேயே பாய் போட்டுப் படுத்துக்கொள்கிறேன். அவளே ஒரு தலையணையை எடுத்து நீட்டினாள்.

ஜூலை 28 – திங்கள்

மனநலப் பிரிவு. தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களோ என்று என் வீட்டுக்காரர் தொப்பியை இறக்கி இறக்கி விட்டுக்கொண்டிருந்தார். லோஷினி பெயரைக் கூப்பிட்டார்கள். நானும் எழுந்தேன். அவள் கை நீட்டித் தடுத்தாள்.

"நீங்க வெளிய இருங்கமா. நீங்க அழுதீங்கன்னா, எனக்கு ஒன்னுமில்லன்னு மறுபடியும் சொல்லிருவேன்."

உட்கார்ந்தேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.