வாங்கலாம், வாங்காதே

வார்சா
3 செப்டம்பர் 2016

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? நான்கு தடவை போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மின்னஞ்சல் போட்டால் படிக்காமலே அழித்துவிடுவாய். தபாலில் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் கிழிக்க மட்டும் உனக்கு மனம் வராது, அம்மா வளர்த்த வளர்ப்பு அப்படி. அந்த நம்பிக்கையில்தான் எழுதுகிறேன்.

அக்டோபர் முதல் தேதி எங்கள் புதிய வீடியோ கேம் 'உப்பு அரசி' வெளிவருகிறது. உப்புச் சுரங்கத்துக்குள் நடக்கிற கதை, மூன்று வருட உழைப்பு. நாற்பத்தோரு பேர் கொண்ட குழுவுக்கு நான்தான் பொறுப்பு. விற்பனை சரியில்லை என்றால் குழுவையே கலைத்துவிடுவதாக மேலிடத்தில் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்கள். குழுவில் இரண்டு பெண்கள் கர்ப்பமாக இருக்கிறார்கள். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

உன் வீடியோ கேம் கடைக் கண்ணாடியில் நீ ஒட்டுகிற இரண்டு தாள்களைப் பற்றி இங்கே பேசாத ஆளில்லை. 'வாங்கலாம்' என்று ஒரு தாள், 'வாங்காதே' என்று ஒரு தாள். தோருனில் ஒரு சந்துக்கடையில் ஒட்டியதை யாரோ படமெடுத்து இணையத்தில் போட, நாடு முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் அதைப் பார்த்துத்தான் கேம் வாங்குகிறார்கள். எங்கள் வெண்கொம்பு நிறுவனம் நாலு வருடமாக இரண்டாவது தாளின் முதல் வரியில் நிற்கிறது. ஏன் என்று எனக்குத் தெரியும். அத்தானுக்கு நடந்தது அநியாயம், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதைச் செய்தது கம்பெனி, இந்த நாற்பத்தோரு பேர் இல்லை. இந்த ஒரு கேமுக்கு மட்டும் விலக்குக் கொடு. உன் அலமாரியில் ஓர் ஓரமாக வைத்தாலும் போதும்.

அத்தானை விசாரித்ததாகச் சொல். டிராம் ஓட்டுவது இப்போது பழகியிருக்கும்.

உன் அன்புத் தம்பி,
ஜெமோவித்


தோருன்
10 செப்டம்பர் 2016

தம்பி ஜெமோவித்துக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. அம்மாவின் வளர்ப்பை உன் காரியத்துக்காவது ஞாபகம் வைத்திருக்கிறாயே, சந்தோஷம்.

'அத்தானுக்கு நடந்தது' என்று எழுதியிருக்கிறாய், ஏதோ வழியில் மழை பெய்து நனைந்துவிட்டார் என்பது போல. என்ன நடந்தது என்று நான் எழுதுகிறேன், படி. உங்கள் கம்பெனியின் 'மூன்றாம் மணி' கேமில் கேட்கிற ஒவ்வொரு சத்தமும் என் கணவர் கெர்வாஸி ஆறு வருடம் உட்கார்ந்து செய்தது. விஸ்துலா ஆறு உறைந்து விரிசல் விடுகிற சத்தம் வேண்டுமென்று பனியில் குப்புறப் படுத்துக் காதில் சீழ் பிடித்து வந்தார். வெளியீட்டுக்குப் பத்தொன்பது நாள் இருக்கும்போது, உங்கள் வேலை முடிந்தது, போய் வாருங்கள் என்றார்கள். வெளியாகிற அன்றைக்குச் சம்பளப் பதிவேட்டில் இருப்பவர்களுக்குத்தான் கேமின் முடிவில் பெயர் வரும், அது கம்பெனி வழக்கம் என்பதை அவரிடம் ஒருத்தரும் சொல்லவில்லை.

அவர்தான் உன்னை அந்தக் கம்பெனியில் சேர்த்துவிட்டார். அதையும் சேர்த்து ஞாபகம் வைத்துக்கொள்.

நாம் மூன்று பேரும் இந்த வீட்டு சோபாவில் உட்கார்ந்து அதை ஆடி முடித்தோம். பதினோரு நிமிடம் பெயர்கள் ஓடின. மதியச் சாப்பாடு கொண்டுவந்தவர்கள் பெயர் வந்தது, முதலாளியின் நாய் புல்பெத், அதன் பெயரும் வந்தது. கெர்வாஸியின் பெயர் வரவில்லை. அவர் எழுந்துபோய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்தார். அன்றைக்கு விட்டவர், ஒலிப்பதிவுக் கருவி எதையும் திரும்பத் தொடவில்லை.

அன்றிலிருந்து, முடிவில் ஓடுகிற பெயர்கள் வரை ஆடிப் பார்க்காமல் எந்தக் கேமையும் நான் அலமாரியில் வைப்பதில்லை. பெயர் விட்டுப்போனவர்கள் எனக்கு எழுதுகிறார்கள், நான் கண்ணாடியில் ஒட்டுகிறேன். இதில் விலக்கும் கிடையாது, ஓரமும் கிடையாது.

முதல் தேதி என் ஆட்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கப் போவதில்லை. இணையக் கடையில் வாங்கினவர்கள் மட்டும்தான் கருத்து எழுத முடியும். வாங்கி இரண்டு மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்தால் பணம் வந்துவிடும், எழுதிய கருத்து அங்கேயே நிற்கும். ஒன்பதாயிரம் பேர் ஒரே காலையில் வாங்கி, கெர்வாஸியின் பெயரை எழுதிவிட்டு, திருப்பிக் கொடுப்பார்கள். உங்கள் முதலாளி அந்தப் பெயரை ஒன்பதாயிரம் தடவை படிக்கட்டும்.

ஒன்றை மட்டும் எனக்காகக் கேட்டுச் சொல். கம்பெனி செய்தது என்கிறாய். கம்பெனிக்குக் கை கிடையாது. ஆறு வருடம் இருந்த பெயரை யாரோ ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்து அழித்திருக்கிறார். அவர் யார் என்று தெரிந்தால் அன்று இரவு நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

உன் அக்கா,
டோப்ரோஹ்னா


வார்சா
6 அக்டோபர் 2016

என் தங்கமான அக்காவுக்கு,

நான் கேட்ட விலக்கை நீ கொடுக்கவில்லை, அதைவிடப் பெரியதைக் கொடுத்துவிட்டாய். வணக்கம்.

முதல் தேதி காலை ஒன்பது மணிக்கு இணையக் கடையில் விற்பனை திறந்தது. பத்து மணிக்கு 'உப்பு அரசி' விற்பனை வரிசையில் முதல் இடம். எங்களுக்கே புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, உன் படை மொத்தமும் ஒரே நேரத்தில் வாங்கியிருக்கிறது. அந்த வரிசை எத்தனை பேர் வாங்கினார்கள் என்றுதான் பார்க்கும், எதற்கு வாங்கினார்கள் என்று பார்க்காது. மதியத்துக்குள் பத்திரிகைகளில் செய்தி. முதல் இடத்தில் இருக்கிறதே என்று உன்னை அறியாதவர்கள் எல்லாம் வாங்கினார்கள், அவர்கள் திருப்பிக் கொடுக்கவும் இல்லை. ஒன்பதாயிரம் தடவை எழுதிய பெயரை முதலாளி படித்தாரா என்று கேட்பாய். கேக் வெட்டிக்கொண்டிருந்தார்.

கோபித்துக்கொள்ளாதே. குழு பிழைத்தது. என் அக்காதான் காரணம் என்று நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை, ஆனால் சொல்ல நாக்குத் துடிக்கிறது.

நீ கேட்ட விஷயம் பழையது. இங்கே இப்போது யாருக்கும் அது ஞாபகமில்லை.

உன் தம்பி,
ஜெமோவித்


தோருன்
13 அக்டோபர் 2016

ஜெமோவித்துக்கு,

சிரி. நன்றாகச் சிரி. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காக முடிந்தது, அது என் கையால்தான் முடிந்தது. கடைக்கு வருகிற ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் ஹிபோலித் கேமைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நேரே என்னிடம் வந்தார். "பல்லக்கையும் நாமளே தூக்கிக்கிட்டு, ஊர்வலம் நல்லால்லன்னு நாமளே கத்தினா எப்படிம்மா?" என்றார். நாலு நாள் கடையைத் திறக்கவில்லை. கெர்வாஸி சூப் வைத்துக் கொடுத்தார்.

ஐந்தாம் நாள் புத்தி வந்தது. உங்களைத் திட்டுவதற்குக்கூட உங்களிடம்தான் வர வேண்டியிருந்தது, அதுதான் என் தப்பு. இனிமேல் உங்கள் பேச்சே கிடையாது. இரண்டாவது தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். கண்ணாடி முழுக்க இப்போது 'வாங்கலாம்' மட்டும்தான். க்தினியாவில் நாலு பேர் சேர்ந்து நடத்துகிற கம்பெனி, பாதியில் போனவர் பெயரையும் போடுகிறார்கள். போஸ்நானில் ஒரு தம்பதி, மொழிபெயர்த்தவரின் பெயரைத் தலைப்புக்கு அடுத்தே போடுகிறார்கள். வெண்கொம்புக்குக் கொடுக்க வைத்திருந்ததை இவர்களிடம் கொடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். திட்டினால் நீங்கள் வளருகிறீர்கள். பக்கத்துக்காரனிடம் வாங்கினால் என்ன ஆகிறீர்கள் என்று பார்க்கலாம்.

'யாருக்கும் ஞாபகமில்லை' என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். நான் கேட்டது கேட்டதுதான்.

டோப்ரோஹ்னா


வார்சா
2 மார்ச் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

நீ ஜெயித்துவிட்டாய். குளிர்காலத்தில், 'உப்பு அரசி'யோடு சேர்த்தே செய்துவைத்திருந்த இரண்டாம் பகுதி வந்தது, நீ கேள்விப்பட்டிருக்கவே மாட்டாய், ஏனென்றால் யாருமே கேள்விப்படவில்லை. உன் ஆட்கள் மட்டுமல்ல, உன்னைத் தெரியாதவர்களும் க்தினியாக்காரர்களின் கேமைத்தான் ஆடிக்கொண்டிருந்தார்கள். போன திங்கட்கிழமை குழுவைக் கலைத்தார்கள். நாற்பத்தோரு பேரும் வெளியே, என்னையும் சேர்த்து.

ஆனால் இந்தக் கடிதம் அதற்காக இல்லை. கடைசி நாளில் என்னைக் கூப்பிட்டு, அடுத்த பதிப்பு வரும்போது இவர்கள் நம் சம்பளப் பதிவேட்டில் இருக்க மாட்டார்கள், ஆகவே இந்த நாற்பது பெயரையும் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார்கள். முடியாது என்று சொல்லிவிட்டு வந்தேன். இதே நாற்காலியில் இதே வேலையை நான் ஒருமுறை செய்திருக்கிறேன்.

அக்கா, அத்தானின் பெயரை அழித்தது நான்.

அப்போது நான் சேர்ந்து எட்டு மாதம். பெயர்கள் இருந்த கோப்பு என் பொறுப்பில் இருந்தது. மேலாளர் என் மேசைக்கு வந்து, "ஃபைல் உங்கிட்டதானே இருக்கு, நீயே எடுத்துடு. வேற ஆள்கிட்டக் குடுத்தா உனக்குத்தான் சங்கடம்" என்றாள். எடுத்தேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்று சோபாவில் உங்களோடு உட்கார்ந்திருந்தபோது பெயர் வராது என்று தெரிந்த ஒரே ஆள் நான்தான். வரும், வரும் என்று அத்தானின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தேன்.

சொன்னதால் செய்தேன். இதைத் தவிர எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை. என்ன வேண்டுமானாலும் எழுது, ஆனால் எழுது.

ஜெமோவித்


வார்சா
22 நவம்பர் 2017

அன்புள்ள அக்காவுக்கு,

மார்ச்சில் எழுதினேன், மே மாதம் எழுதினேன், ஆகஸ்டில் எழுதினேன். பதில் இல்லை. பரவாயில்லை, உனக்கு அந்த உரிமை உண்டு.

இத்துடன் ஒரு பார்சல் வருகிறது. கலைத்த குழுவில் ஆறு பேரும் நானும் சேர்ந்து ஒரு சின்னக் கம்பெனி ஆரம்பித்தோம். எங்கள் முதல் கேம் 'காளான் பருவம்'. காட்டில் காளான் பொறுக்குகிற ஒரு கிழவர், விஷக்காளான் எது என்று பேரனுக்கும் சொல்ல மாட்டார், அவ்வளவு கஞ்சன். உனக்குச் சிரிப்பு வரும். பத்துப் பெட்டி அனுப்பியிருக்கிறேன்.

முடிவு வரை ஆடு. பெயர் வரிசையில் எல்லாருக்கும் மேலே, 'ஒலி: கெர்வாஸி' என்று அத்தானின் பெயர் இருக்கிறது. நான் அவரிடமிருந்து எடுத்ததை இப்படியாவது திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று தோன்றியது. ஒலியைச் செய்தவள் போக்னா, எங்களில் ஒருத்தி, சின்னப் பெண். அவளிடம் விஷயத்தைச் சொன்னேன், புரிந்துகொண்டாள். அவள் பெயரை 'உதவி' என்று கீழே போடச் சம்மதித்தாள்.

எங்களை மாதிரிச் சின்னவர்களுக்கு உன் 'வாங்கலாம்' தாள்தான் இப்போது மூச்சு. அதில் இடம் இல்லையென்றால் ஜனவரிக்குள் இழுத்து மூடிவிடுவோம். அது என் கவலை. அக்கா, கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி விருந்துக்கு நான் வரலாமா? அத்தானைப் பார்த்து நேரில் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும்.

உன் தம்பி,
ஜெமோவித்


தோருன்
3 டிசம்பர் 2017

ஜெமோவித்துக்கு,

உன் மார்ச் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். பிறகு உன் பெயரைக் கொட்டை எழுத்தில் ஒரு தாளில் எழுதிக் கண்ணாடி வரைக்கும் கொண்டுபோனேன். அதற்குள் கெர்வாஸி வேலை முடிந்து வந்துவிட்டார். கடிதத்தை அவரிடம் நீட்டினேன். அவர் வாங்கவில்லை. "எனக்கு அன்னிக்கே தெரியும். நாம ரெண்டு பேரும் திரையப் பாத்துக்கிட்டு இருந்தோம், அவன் என்னையப் பாத்துக்கிட்டு இருந்தான்" என்றார். அஞ்சு வருஷமாக என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். "உனக்கு இருக்கறது ஒரே தம்பி" என்றார். தாளை வாங்கி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார், அதனால்தான் ஒட்டவில்லை. அவர் உன்னை விட்டுவிட்டார். நான் விடவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் இந்த வீட்டில் இது ஒன்றில்தான் சண்டை.

கேமை முடிவு வரை ஆடினேன். நன்றாக இருக்கிறது, பொய் சொல்ல மாட்டேன். கிழவர் கூடையை ஒளிக்கிற இடத்தில் ஹிபோலித் வாத்தியார் விழுந்து விழுந்து சிரித்தார். காட்டில் ஈர இலையை மிதிக்கிற சத்தம் கேட்டு கெர்வாஸி சமையலறையிலிருந்து எழுந்து வந்து, "இது யார் செஞ்சது?" என்று கேட்டார். நின்றபடியே கடைசி வரை கேட்டார். பெயர் வந்தது. அவருடைய பெயர். கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

உனக்கு இன்னும் விளங்கவில்லை, இல்லையா? ஒருத்தன் ஆறு வருடம் செய்த வேலையிலிருந்து அவன் பெயரை எடுத்தாய். இப்போது ஒரு பெண் செய்த வேலையிலிருந்து அவள் பெயரை எடுத்து அவனுக்குப் போட்டிருக்கிறாய். உன் மனசு ஆறுவதற்கு இன்னொருத்தியின் பெயரை எடுத்துப் பரிசு கொடுக்கிறாய். அவள் புரிந்துகொண்டாளாம். அவளும் உன்னிடம் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகியிருக்கும், நீ அன்றைக்குப் புரிந்துகொண்ட மாதிரி அவளும் புரிந்துகொண்டிருப்பாள்.

பத்துப் பெட்டியையும் திருப்பி அனுப்புகிறேன். கெர்வாஸியின் பெயரை எடு. வேறு யாரிடமும் கொடுக்காமல், நீயே உட்கார்ந்து, உன் கையால் எடு. அந்த இடத்தில் போக்னாவின் பெயரைப் போடு. முதல் தடவை அவர்கள் சொன்னதால் அழித்தாய். இந்தத் தடவை நான் சொல்கிறேன். அழிக்கும்போது அது யாருடைய பெயர், அவர் உனக்கு என்ன செய்தார் என்று ஒவ்வொரு எழுத்தாக நினைத்துக்கொண்டே அழி.

பிறகு அனுப்பு. முன் அலமாரியில் வைக்கிறேன், 'வாங்கலாம்' தாளில் முதல் வரியில் எழுதுகிறேன், கேட்டு வருகிறவர்களிடமெல்லாம் நானே எடுத்துக் கொடுக்கிறேன். உன்னோடு இருக்கிற ஆறு பேரும் நன்றாக உழைத்திருக்கிறார்கள். அவர்களுடைய கம்பெனி பிழைக்கட்டும்.

விருந்துக்கு வராதே. மேசையில் வழக்கம்போல ஒரு தட்டுக் கூடுதலாக வைப்போம், முன்பின் தெரியாத யாராவது கதவைத் தட்டினால் உட்காரவைத்துச் சோறு போட. நீ தட்டினால் அதில் உட்கார முடியாது, உன்னை எனக்கு நன்றாகத் தெரியும்.

டோப்ரோஹ்னா