ஓடை கலங்கிய காலை

அன்பு மகனே,

உன் மூத்தவள் நீச்சலில் முதலாவதாம். சின்னவன் பாட்டுப் பாடிக் கோப்பை வாங்கினானாம். மருமகள்தான் சொன்னாள். உன் தங்கை மகளும் நர்ஸ் பரீட்சையில் தேறிவிட்டாள். ஐந்தாவதோடு நின்ற எனக்கு இப்படிக் கெட்டிக்காரப் பேரப்பிள்ளைகள்! தெருவெல்லாம் சொல்லியாயிற்று.

உன் வேலையை நிறுத்தி வைத்திருக்கிறார்கள் என்றும் மருமகள் சொன்னாள்.

உங்கள் கம்பெனி குழாய் புதைக்கும் இடத்தை ஊர்க்காரர்கள் நாங்கள் முறைபோட்டுப் பார்த்துவருவது உனக்குத் தெரியும். ஓடையில் மேல்பக்கம் ஒரு பாட்டில், கீழ்பக்கம் ஒரு பாட்டில் தண்ணீர் பிடித்து, சேர்த்து வைத்துப் படம் எடுப்போம். அன்று என் முறை. பனிக்குள் குழாய்களெல்லாம் மிதப்பதுபோல் இருந்தன. மேல்பக்கத்துப் பாட்டிலில் வானம் தெரிந்தது. கீழ்பக்கத்துப் பாட்டிலில் சேறுதான். மண் ஓடைக்குள் இறங்காமல் கட்டியிருந்த தடுப்புத் துணி கிழிந்து, தோண்டிய மண் ஓடையில் மெல்லக் கரைந்துகொண்டிருந்தது. மீன்கள் வாயைத் திறந்துகொண்டு மேலே மேலே வந்தன. நான் கனவில் நிற்பதுபோல் பார்த்துக்கொண்டே நின்றேன்.

கூட வந்த பஸ் டிரைவர், "அக்கா, உங்க பையன் பாக்குற வேலையாச்சே. நான் எடுக்கட்டுமா?" என்றார்.

"ஏன், எனக்கு எடுக்கத் தெரியாதா? குடுங்க போனை."

இரண்டு பாட்டிலையும் சேர்த்து வைத்து நானே எடுத்தேன். கலெக்டர் ஆபீசுக்கு என் பெயரைப் போட்டுத்தான் அனுப்பினேன். வேறு யார் பெயராவது இருந்தால் சண்டைக்குப் போவாய். என்னோடு என்றால் பேசாமல்தானே இருப்பாய்?

துணியை மாற்றிவிட்டார்கள். தண்ணீர் தெளிந்து வருகிறது.

பிள்ளைகளைப் புதிதாக ஒரு படம் எடுத்துத் தபாலில் அனுப்பு. நீயும் கூட நில். முகத்தை உர்ரென்று வைத்திருந்தாலும் சரி.

உன்னைப் பெற்றவள்